தலையில் அலையுள்ள எழுத்து

வியாழக்கிழமைகளில் தொடர்கதை.
டாக்டர் வியேகஸின் தாள்கள்
சுருட்டு வாசனையோடு படியேறி வரும்,
ரியோவில், ஊவிதோர் தெருவில், மூன்றாம் மாடிக்கு.
நான் ஸெஃபெரீனு, எழுத்துக் கோர்ப்பவன்.
விடுதலைப் பத்திரம் சட்டைக்குள்.
இந்த நாட்டை நான்
தலைகீழாகத்தான் வாசித்துப் பழகினேன்.

டாக்டர் காட்டைப் பார்த்ததில்லை.
கோடையில் மலைக்குப் போனபோது பார்த்தது
ஒரு ஜன்னல் அளவு மரம்.
மற்றதெல்லாம்
பாதிரிமார் தொகுத்த பழைய அகராதி:
பகலுக்கு ஒரு சொல், அழகுக்கு ஒரு சொல்,
இரண்டையும் ஒட்டினார்,
ஒருத்தி பிறந்தாள்.
அராபொரான்.
தன் தெய்வத்தை ஆற்றில் விட்டுவிட்டு
போர்த்துகீசியத் தளபதியின் பின்னால் நடப்பவள்.
கடைசியில் செத்துப்போவாள்.
இரண்டாம் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.
குழந்தை மட்டும் பிழைக்கும்,
அதற்குப் பெயர் நாடு.

ஏட்டுச் சுரைக்காய்தான்.
ஆனால் ஊரே அதைக் கறி வைத்துச் சாப்பிட்டது.
மருந்துக்கடைக்காரர் கடைசி மகளுக்கு அவள் பெயர்.
தொப்பிக்கடையில் அவள் பெயரில் பச்சை இறகு.
ஒரு வக்கீல் லிஸ்பன் குடும்பப் பெயரை உதறி
ஏதோ ஒரு நதியின் பெயரைச் சூடிக்கொண்டார்.
அந்த நதிக்கரையில் அதற்குள்
அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல
ஆள் மிச்சமில்லை.

என் கவலை வேறு.
அவள் பெயரின் முடிவில் ஓர் எழுத்து உண்டு,
தலையில் சின்ன அலையோடு,
மூக்கால் சொல்வது.
ஒரு பத்திக்கு ஏழு முறை அவளைக் கூப்பிட்டார் டாக்டர்.
எழுத்துப் பெட்டியில் அந்த அறை காலி.

எங்கள் பாஷையில்
ரொட்டிக்கும் அதே எழுத்து.
சகோதரனுக்கும்.
கை என்பதற்கும்.
இல்லை என்று சொல்வதற்கும்.

அவளுக்கே எல்லாம் போய்விட்டதால்
நான்காம் பக்க விளம்பரத்தில்
அலை இல்லாத மொட்டை எழுத்தை வைத்தோம்:
'ஓடிப்போனவன். உயரம் நடுத்தரம்.
வலது கையில் இரண்டு விரல் இல்லை.
பிடித்துத் தருவோருக்குச் சன்மானம்.'
கையும் மொட்டை, இல்லையும் மொட்டை.
யாரும் குறை சொல்லவில்லை.

புது எழுத்துக்கு லிஸ்பனுக்குக் கடிதம் போட்டார் முதலாளி.
தனி நாட்டை எழுத
பழைய எசமானின் ஈயம்.
கப்பல் வர மூன்று மாதம்.

பத்தொன்பதாம் அத்தியாயம், தளபதியின் வீடு.
விளக்கு ஏற்றப்பட்டது.
கரும்பு அரைக்கப்பட்டது.
குதிரைக்குச் சேணம் கட்டப்பட்டது.
பழத்தட்டு நீட்டப்பட்டது.
கோர்த்துக்கொண்டே போனேன்.
இத்தனை பட்டதில்
பட்டவர் யார் என்று
ஒரு வரியும் இல்லை.

அங்கிப் பையில் ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தேன்,
அலையோடு, பழுதில்லாமல்.
விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
பழத்தட்டை ஒரு கை நீட்டியது
என்று வைத்தேன்.
நிறம் சொல்லவில்லை.
அதற்கு வரியில் இடமும் இல்லை,
எனக்குத் தைரியமும் இல்லை.

அடுத்த வியாழன் டாக்டரே படியேறி வந்தார்.
சட்டைக்குள் பத்திரம் நனைந்தது.
அவர் கேட்டது
இரண்டாம் பத்தியில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியை.

மறுவருஷம் பாரிஸில் அச்சாகிப் புத்தகம் வந்தது,
தங்க விளிம்போடு.
தேடினேன். கை இருந்தது.
தாம் எழுதியதென்றே நம்பியிருக்க வேண்டும்.
செப்பு நிறம் பூசி, வளையல் ஒன்று மாட்டி
அராபொரானுக்குக் கொடுத்திருந்தார்.

கோர்த்த எழுத்தைப் பிரித்துப் போட்ட அந்த இரவே
அந்த ஒன்றை மட்டும்
திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
இப்போதும் இருக்கிறது.
ஓரம் தேய்ந்துவிட்டது, அலை கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
இல்லை என்று
ஒருமுறை அச்சடிக்கத் தாங்கும்.