இருபது காசு குறைய

நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு ஆயிரம்,
இருபது காசு குறைய.
ஐஸ் கம்பெனிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் கையெழுத்தில் இருக்கிறது:
ரெமிஜியூஸ், இபுனு, சந்தியாகு, நான், முனியராஜ்.
முனியராஜ் பாக்கி முந்நூறு.

தடைக்காலம்.
மண்டபம் கரையில் விசைப்படகுகள்
பெயிண்டுக்குக் காத்துக் கிடந்தன.
மிஷின் நின்ற ஐஸ் கம்பெனியில்
கன்சோல் மட்டும் சூடாக ஓடியது.
இபுனுவின் மச்சான் ஷார்ஜாவிலிருந்து தூக்கி வந்தது.
வெள்ளையாய், ஒல்லியாய், பார்க்க லட்சணம்.
டிஸ்க் போட வாய்தான் இல்லை.

பழைய பெட்டிக்கு வாய் இருந்தது.
ஒரு டிஸ்க் வாங்கினால் போதும்,
திங்கள் ரெமிஜியூஸ் வீடு, செவ்வாய் சந்தியாகு வீடு என்று
துணிப்பையில் ஊர் சுற்றும்.
அலுத்த பிறகு ராமநாதபுரத்தில் பாதி விலைக்குத் தள்ளி
அந்தக் காசில் புரோட்டா.
"வாயில்லாப் பெட்டிக்காரன் எதையும் வாங்கல,
வாடகைக்கு இருக்கான்" என்றான் சந்தியாகு.
"உன் டிஸ்க்கு மணல்ல விழுந்து
கீறல்ல செத்துச்சே, அது?" என்றான் இபுனு.
டீ ஆறி ஏடு கட்டும்வரை அதே பேச்சு.

முன்னோட்டத்தைப் பதினெட்டு முறை பார்த்திருப்போம்.
ஒரு பெண், ஒரு படகு, கறுத்த கடல்,
மின்னல் வெட்டில் திமிங்கிலத்தின் முதுகு.
இப்போதே பணம் கட்டினால்
தங்க நிறப் பாய் இலவசமாம்.
பொறுங்கடா, வெளிவரட்டும் என்றேன்.
நூறு ரூபாய் மீனுக்கே
செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம் என்றேன்.
யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
அந்தப் பாய் அப்படி மினுங்கியது.

முன்பணம் எங்களுக்குப் புதிதில்லை.
ஏவாரி கொடுப்பான், படகு வாங்கும்,
பிடிப்பதெல்லாம் அவனுக்கே, அவன் சொன்ன விலைக்கே.
"இதுல முன்பணம் குடுத்ததும் நாம,
விலை கேட்டு வாயை மூடினதும் நாம" என்றான் ரெமிஜியூஸ்.
எல்லாரும் சிரித்தோம்.
முனியராஜ்தான் அதிகம் சிரித்தான்.

நூற்றிருபது ஜிபி.
ஐந்து போன், நாளுக்கு இரண்டிரண்டாய்,
பன்னிரண்டு நாள்.
இடையில் கச்சான் அடித்து இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை.
வட்டம் சுற்றிச் சுற்றி நிற்கும்,
சந்தியாகு போனை மொட்டைமாடித் தொட்டிமேல் வைத்துவிட்டு
பக்கத்திலேயே தூங்கினான்.

ஒருவழியாய்த் திறந்தது.
அந்தப் பெண் படகைத் தள்ளினாள்.
படகு தண்ணீரில் மிதக்கவில்லை,
தண்ணீரைத் தாண்டிக் கீழே விழுந்தது,
அடியில்லாத நீலத்துக்குள், சத்தமே இல்லாமல்.
அவள் வெறுங்காற்றில் துடுப்புப் போட்டாள்.
தங்கப் பாய் மட்டும் அலைமேல் தனியே நின்றது.
மறுபடி தொடங்கினோம். மறுபடி விழுந்தது.
ஏழாவது தடவை ரெமிஜியூஸ் எழுந்து
வெளியே போய் நிஜக் கடலைப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, நீ இங்கிலீஷ்ல எழுது."
மரியாதையாய் எழுதினேன்: படகு மிதக்கவில்லை,
பணத்தைத் திருப்பித் தரவும்.
பதினோரு நிமிடத்தில் பதில்.
பதிவிறக்கம் தொடங்கிவிட்டதால் பணம் திரும்ப வராது.
உங்கள் பொறுமைக்கு நன்றி.
"இறக்காம எப்படி ஓட்டைன்னு தெரியும்?"
என்று இபுனு திரையைப் பார்த்துக் கேட்டான்.
முனியராஜ் எழுந்து சட்டையை உதறினான்:
"எனக்கு முந்நூறு ரூபா ரீஃபண்ட் வந்திருச்சுப்பா."

ஆனியில் தடை நீங்கியது.
நாலு பேரும் படகேறிவிட்டார்கள்.
கம்பெனியில் மிஷின் இரைகிறது,
ஐஸ் கட்டிகள் சறுக்கி இறங்குகின்றன.
கன்சோலுக்குச் சரிசெய்த கோப்பு வந்திருந்தது,
அது ஒரு முப்பத்தொரு ஜிபி.
இரவுப் பணியில் தனியாய்த் திறந்தேன்.
படகைத் தள்ளினேன்.
மிதந்தது.
லேசாய் ஆடிக்கூட மிதந்தது.

படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.
கீழே ஒரு வரி:
முனியராஜ், படகு மிதக்குது. முந்நூறை எடுத்து வை.
டவர் எட்டாத தண்ணியில் இருக்கிறார்கள்.
ஒற்றை டிக்.