பன்னிரண்டு டன் பாலம்

ஆளுக்கு மூன்று நிமிடம்.
கோழி வடிவச் சமையல் கடிகாரம் ஒன்று என் மேசையில்,
நேரம் முடிந்தால் கொக்கரிக்கும்.
ஹாஸ்ப்ரூக் நகர மன்றத்தில்
பதினோரு வருடமாகக் குறிப்பெழுதுகிறேன்.
நாய் லைசென்சுக்கும் சாக்கடை வரிக்கும் வராத கூட்டம்
அன்றைக்கு வந்தது.
நாற்காலி போதாமல்
தீயணைப்பு நிலையத்திலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள்.

காவல் தலைவர் ஸ்டக்கி திரையில் படம் காட்டினார்:
மணல் நிறம், மார்பளவுச் சக்கரம்,
கண்ணிவெடிக்கு வயிற்றைக் கொடுத்தும்
பிழைத்துக்கொள்ளும் வண்டி.
ராணுவம் சும்மா தருகிறது,
ஏற்றிவரும் கூலி மட்டும் நம்முடையது.
"தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்தா பார்ப்பது?" என்றார்
இரண்டாம் வார்டு உறுப்பினர்.
'சிரிப்பு' என்று எழுதி
அடித்துவிட்டேன்.

கோரின் லாட்டிமர் கையில் தாள் இல்லை.
"மார்ச் மாதம். தானியக் கிடங்குச் சாலை.
டேல் அந்த முற்றத்தில் விழுந்து கிடந்தான்,
மாடி ஜன்னலில் துப்பாக்கியோடு ஒருத்தன்.
ஐம்பது அடி தூரம்.
நாற்பத்தேழு நிமிடம் யாராலும் கிட்டே போக முடியவில்லை.
ரேடியோவில் அவன் குரலை எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.
குளிருது, என்கிறான்.
அதைத்தான் சொல்ல வந்தேன்."
இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி.
அவள் உட்கார்ந்த பிறகும்
கோழி ஓடிக்கொண்டே இருந்தது,
நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

பிறகு ரெஜி ஓடம்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
இராக்கில் இதே வண்டியை ஓட்டியவர்.
"கண்ணாடி நாலு விரல் தடிமன்.
அதன் வழியே பார்த்தால்
வெளியே எல்லாரும் தண்ணீருக்கடியில் நடப்பார்கள்.
ரொட்டி வாங்கப் போகிறவனும்
வெடி புதைக்கப் போகிறவனும் ஒரே நடை.
எட்டு மாதம் உள்ளே இருந்தேன்.
இறங்கின பிறகும்
ரொம்ப நாள் அப்படித்தான் தெரிந்தார்கள்."
கோரின் பக்கம் திரும்பினார்:
"டேல் என் பேருந்தில் போன பையன்தானம்மா,
எனக்கு..."
கொக்கரித்தது.
அந்தக் கோழியை அன்றுதான் முதலில் வெறுத்தேன்.

டயர் ஒன்று என்ன விலை என்று ஒருவர்.
போன வருடம் இந்த ஊரில் நடந்த பெருங்குற்றம்
புல்வெட்டும் இயந்திரம் காணாமல் போனதுதானே என்று இன்னொருவர்.
அணிவகுப்பில் அதிலிருந்து மிட்டாய் எறிவீர்களா என்று
ஒரு பையன், மைக்கை எட்டிப் பிடித்து.

வெர்ன் பிளாகெட் உப்புக்காக வந்திருந்தார்.
சாலைப் பிரிவு; பனிக்காலத்துக்கு நாற்பது லோடு உப்பு,
பட்டியலில் ஏழாவது.
பொறுமை போய்க் கேட்டார்:
"வண்டி என்ன எடை?"
"பதினெட்டு டன்."
"ஆற்றுப் பாலம் பன்னிரண்டுதான் தாங்கும்."

அக்கரையில்
கோழிக்கறித் தொழிற்சாலை, டிரெய்லர் வீடுகள்,
பாதி ஊர்.
காவல் நிலையம் இக்கரையில்.
கடைசி பெஞ்சில் அக்கரைத் தம்பதி ஒன்று.
யெசீனியா கண்ணை மூடி மூச்சு விட்டாள்,
பிரசவம் முடிந்தவள் போல.
அவள் கணவன் எவரார்டோ எழுந்தான்:
"அப்போ எங்களுக்கு ஏதாவது ஆனால்
இது வராதா?"
அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
ஸ்டக்கி தாள்களைப் புரட்டினார்.

வாக்கு நான்குக்கு மூன்று.
வண்டி வரும்.
பாலத்தைப் பலப்படுத்த என்ன செலவாகும் என்று
மதிப்பீடு கேட்கலாம் என்றார் மேயர்,
இனாமாக வந்த மாடு
அதற்குள் தொழுவம் கேட்டது.
நேரமாகிவிட்டதால்
உப்பு கொள்முதல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
அப்படியே எழுதினேன்.

பதினொன்றரைக்கு வீடு திரும்பினேன். நானும் அக்கரைதான்.
பாலத்தில் மெல்லிய பனிக்கட்டி.
எடை வரம்புப் பலகையில்
எந்தப் பையன்களோ சுட்டுப் பழகிய பள்ளங்கள்.
முன்னால் போன கார்
நடுப்பாலத்தில் வழுக்கிக் குறுக்காகத் திரும்பி,
சிவப்பு விளக்கு எரிய
அப்படியே நின்றது.
யாருடையது என்று தெரியவில்லை.
பிறகு மெதுவாக
நேரானது.