நனையாமல் வைக்கவும்

ஸ்டெல்லா மதினி வீட்டில் பிரிட்ஜ் வந்து இறங்கியது.
பெட்டி என் மகளுக்கு.
தடைக்காலத்தின் பதினோராவது நாள்.
பாம்பன் வடக்குக் கரையில் படகு கட்டிக் கிடந்தது,
வீட்டில் நான்.

பகல் வெளிச்சத்தில்
இத்தனை நாள் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்திராதவள்
"சும்மாதான இருக்க, பிடி" என்றாள்.
பிடித்தேன்.

அட்டையின் மேல் ஒரு குடை,
ஒரு கண்ணாடிக் கோப்பை,
வானத்தைக் காட்டும் இரண்டு அம்புகள்.
குடை என்ன சொல்லுது என்றாள்.
நனையக் கூடாதாம் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்பன்னா படகு செய்வோம்."
ரெனிட்டா, இரண்டாம் வகுப்பு.

மீன் கத்தி அட்டைக்கு ஆகாது.
உள்ளே அலை அலையாய் மடிந்திருக்கும் தாள்
வாய்க்குள் கத்தியைக் கவ்விக்கொண்டு விடாது.
பிளேடு வாங்கி வந்தேன்.
மைதா காய்ச்சினேன், கட்டி தட்டியது.
நண்டுக் கம்பெனியிலிருந்து
விரல் நுனி வெளுத்துத் திரும்பிய அவள் அம்மாவிடம்
"பசை கிண்டக்கூடத் தெரியல இவருக்கு"
என்று முறையிட்டாள்.
காய்ந்ததையெல்லாம் கச்சான் காற்று
இரவில் வந்து நமத்துப்போக வைத்தது.
ஒட்டாத இடங்களில்
வலை ஊசியில் நரம்பு கோத்துத் தைத்தேன்.
"கண்ணி சின்னதா போடுப்பா,
பெருசா இருந்தா தண்ணி வந்துரும்."

வட்டமாய் வெட்டி எடுத்த ஜன்னல்கள் எட்டும்
காசாயின.
மிச்சத் துண்டுகளுக்கு நான்தான் பெயர் வைத்தேன்,
சங்காயம்.
அதை அள்ளிக் கொட்டிய இடத்தில்
ஜோவிட்டா வீட்டு ஆடு வந்து மென்றது.
போகிற போக்கில்
அணியத்திலும் ஒரு வாய்.

ஒரு நாள் மார்க்கரோடு வந்து
நம்பர் கேட்டாள்.
வாயில் வந்தது பழைய படகின் நம்பர்.
அது காரைநகர்க் கரையில்
மூன்று வருடமாய் மழை குடித்துக்கொண்டு கிடக்கிறது.
எழுதி முடித்துவிட்டாள்.
திருத்தவில்லை நான்.
ஏழு மட்டும் இடம்வலம் மாறியிருந்தது.
அதுவும் நல்லதுக்குத்தான், கண்டுபிடிக்க முடியாது.

தொழிலுக்குப் போனோம்,
வாசலிலிருந்து அடுப்படி வரை.
நான் தள்ளினேன், அவள் டிரைவர்.
கரைக்கு வந்ததும் பங்கு பிரித்தாள்.
எட்டில் நாலு படகுக்கு,
மூணு டீசலுக்கு,
ஒண்ணு எனக்கு.
"அட்வான்ஸ் ஏதும் கிடைக்குமா டிரைவர்?"
"போன தடவ வாங்குனதே நிக்குது."
அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.
இந்த வீட்டில்
நாங்கள் மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று
நினைத்துக்கொண்டிருந்தோம்.

அறுபத்தோராம் நாள் இரவு ஐஸ் ஏற்றினோம்.
கரைக்கு வருகிறேன் என்றவள்
சோறு தின்ற கையோடு தூங்கிப்போனாள்.
பன்னிரண்டு மணிக்கு எல்லா எஞ்சினும் ஒன்றாய் இரைந்தன.
பாலத்தின் விளக்கு பின்னால் போனது.

திரும்பி வந்தால் படகைக் காணோம்.
கொல்லையில் கவிழ்த்து வைத்து
ஒரு பக்கம் வாசல் வெட்டியிருந்தாள்.
உள்ளே சாம்பல் பூனை,
கண் திறக்காத குட்டிகள் மூன்று.
ஆடு கடித்த இடம் காற்றுக்கு வழியாகியிருந்தது.
அம்புகள் தரையைக் காட்டின.
நம்பர் தலைகீழ், கோப்பை தலைகீழ்,
குடையும்தான்.
இரண்டு மாதத் தையல்.
"இனிமே கடலுக்குப் போகாதா?" என்றேன்.
கேட்ட விதம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.
"உள்ள ஆள் இருக்குல்ல" என்றாள்
பிளேடைப் பின்னால் மறைத்தபடி.

குனிந்து எட்டிப் பார்த்தேன்.
என் சட்டையிலிருந்து உப்புத் தண்ணீர்
கூரையில் சொட்டியது.

"தள்ளி நில்லுப்பா.
குடை போட்டிருக்குல்ல,
தெரியல?"