மறுமுனை

பதினோரு வருடம் அவசர எண்ணில் வேலை.
தாலின் நகரம், இரவுப் பணி.
"சொல்லுங்கள், எங்கே இருக்கிறீர்கள்?"
இதுதான் என் முதல் வாக்கியம்,
சில இரவுகளில் கடைசியும்.

ஒரு நவம்பரில் மணி அடித்தது, எடுத்தேன்.
மறுமுனையில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.
எனக்கு வாய் எழவில்லை.
பக்கத்து இருக்கை ஹில்லர்
என் காதிலிருந்ததைக் கழற்றி மாட்டிக்கொண்டு
அந்த மனிதரைத் தொடர்ந்தான்.
அவர் பிழைத்துவிட்டார். விசாரித்தேன்.
அது போதவில்லை.

பிறகு மாத்திரை, பிறகு விடுப்பு,
பிறகு எல்லோருக்கும் ஒரே பேச்சு:
மனசுக்கு ஒரு வடிகால் வேண்டும், உர்வே.
பேசிவிடு. அழுதுவிடு. கொட்டிவிடு.

ஒரு நகரத்துக்கே வடிகாலாக இருந்தவளிடம்.

இப்போது சதுப்பு நிலத்தில் தண்ணீர் அளக்கிறேன்.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை, நாற்பத்தாறு குழாய்கள்.
பலகைப் பாதை முடிந்ததும் முழங்கால் வரை பாசி.
அளக்கும் விதம் பார்ப்பவர்க்குச் சிரிப்பு:
மெல்லிய ரப்பர் குழலைக் குழாய்க்குள் இறக்கியபடியே
இந்த முனையில் ஊத வேண்டும்.
ஊதி, இறக்கி, ஊதி, இறக்கி,
எங்கோ கீழே
குபுக்.
அங்கே தண்ணீர். அங்கே எண்.

இங்கேயும் காதுக்குத்தான் வேலை.
ஆனால் கீழே இருப்பது
காப்பாற்று என்று கேட்பதில்லை.

சோவியத் காலத்தில் இதைக் காயவைக்க
வாய்க்கால் வெட்டினார்கள், ரூல் தடி வைத்ததுபோல்,
காட்டைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
நீர் வடிந்தது. கரிமண் சுருங்கிற்று,
காற்றுப் பட்டுப் பட்டு
புகையில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது.
ஒன்றுவிடாமல் கொட்டிவிட்ட நிலம்.

எய்னோ மண்வாரி எந்திரத்தோடு வந்து
வாய்க்கால்களை ஒவ்வொன்றாக அடைக்கிறான்.
அடைத்தால் பாசி திரும்பி வருமா என்றேன்.
"எனக்கெப்படித் தெரியும்?" ரொட்டியை மென்றபடி,
"நான் எந்திரத்துக்குப் பொறுப்பு."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்,
சதுப்பு என்னைத் தடவிக்கொடுக்கவில்லை.
ஜூலையில் கொசு காதுக்குள் போகும்.
ஒருமுறை இடுப்புவரை இறங்கிவிட்டேன்,
அரைமணி நேரம், கைபேசியில் சிக்னல் இல்லை.
இருந்தால் மட்டும் எந்த எண்ணை அழைப்பேன்
என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது.
சத்தமாக. இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன.
அந்தச் சிரிப்பு என்னுடையதுதானா என்று
வீடு வரும்வரை யோசித்தேன்.

மருத்துவர் பில்லே வழக்கம்போல் கேட்டார்:
ஒன்றிலிருந்து பத்துக்குள், இன்று எப்படி?
கழித்தல் பதினேழு, என்றேன்.
பேனா நின்றது.
இருபத்தொன்பதாவது குழாயில், என்றேன்.
போன மாதம் கழித்தல் இருபத்துமூன்று.
எழுதிக்கொண்டார்,
எந்தக் கட்டத்தில் என்று தெரியவில்லை.

அக்டோபர். குழாயின் விளிம்பில் உப்புப்போல் பனி.
பாசிமேல் கிரான்பெர்ரி, யாரோ பை கிழிந்து சிந்தியதுபோல்.
இருபத்தொன்பதில் குழலை இறக்கி
மூச்சைக் கூட்டுவதற்குள்
குபுக்.
பழக்கதோஷம், வந்துவிட்டது:
"எங்கே இருக்கிறீர்கள்?"

நாலு விரற்கடை கீழே.

குறித்துக்கொண்டு நடந்தேன்.
முப்பதாவது குழாய்க்குப் போகும் வழியில்,
போன வருடம் நான் நனையாமல் கடந்த இடத்தில்,
பூட்ஸுக்குள் தண்ணீர் வந்தது.