கதவு சாத்தாத சனிக்கிழமை

செங்காங்கில், ஒன்பதாம் மாடியில்,
எங்கள் வாடகை வீட்டு ரவுட்டர்
குண்டு விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.
பாதுகாப்பு அறைக்குள் இருக்கிறது,
அரிசி மூட்டைக்கும்
வீட்டுக்காரம்மா விட்டுப்போன சிவப்பு விளக்குகளுக்கும் நடுவில்.
குண்டைத் தடுக்கக் கட்டிய சுவர்
வைஃபையை மட்டும் விட்டுவிடுமா?

என் அறைக்கு ஒரு கோடு வரும்.
ஜெரோமுக்கு இரண்டு.
தெட் நாயிங் சன்னலோரம் நின்றால்
பக்கத்து வீட்டுடையது வரும், கடவுச்சொல் கேட்டுக்கொண்டு.

மூன்று வாரம் முன்புதான் தெரிந்தது,
எதிரணியில் நின்று என்னை நாலுமுறை கொன்ற
‘மீன்குழம்பு77’
குளியலறைக்கு அடுத்த அறை குணாளன் என்று.
அன்றிலிருந்து ஒரே அணி.
போன சனிக்கிழமை கோட்டை விழ ஓர் அடி பாக்கி;
அவன் விட்ட அம்பு நடுவானில் நின்றது.
நின்றது.
நாங்கள் செத்தபிறகு போய்ச் சேர்ந்தது.

அதனால் இன்று பழைய ரவுட்டர் இரண்டு:
பொங்கோலில் ஒரு தம்பதியிடம் பதினைந்து வெள்ளிக்கு ஒன்று,
ஜெரோமின் அலுவலகம் தூக்கிப்போட்டது மற்றது.
செருகியதும் மூன்றும் சொல்லின,
நான்தான் ஒன்று புள்ளி ஒன்று.
மூன்றும் ஆளாளுக்கு முகவரி எழுதித் தந்தன.
ஒரே வீட்டில் இருந்துகொண்டு
யாராலும் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை.
பதினோரு மாதமாக நாங்களும் அப்படித்தான்;
ஆனால் அது அப்போது தோன்றவில்லை,
எரிச்சல்தான் வந்தது.

குந்தி உட்கார்ந்து
தோட்டு ஊசியால் சின்னத் துளையைக் குத்தினேன்.
நீ இரண்டு. நீ மூன்று.
முகவரி தருகிற வேலை இனி உங்களுக்கு இல்லை.
நீலத் துளையில் இருந்த வயரைப் பிடுங்கி
மஞ்சளில் போட்டேன்.
“அவ்வளவுதானா அக்கா?” என்றான் குணாளன்.
மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பாதுகாப்பு அறைச் சுவரைத் துளைக்கக் கூடாது,
ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
வயரோ தடியன்; இரும்புக் கதவின் அடியில் நுழையாது.
எனவே அந்தக் கதவைச் சாத்த முடியாது.
பிறகு ஜெரோமின் கதவை. பிறகு என்னுடையதை.
கூடத்துத் தரையில் டேப் ஒட்டிக் கிடந்தது வயர்;
ஏர்கானின் குளிர் வெளியே ஓட,
யாருடையதோ கருவாட்டு வாடை உள்ளே வந்தது.
மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று
கொஞ்சம் சண்டையும் போட்டோம்.

பிங் நான்கு.
இதற்குமேல் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை.

தெட் நாயிங் சிரித்தால் இருமல் வரும்,
எனக்குத் தெரியாது.
“வலப்பக்கம்!” என்று அவன் கத்தியது
முதலில் கதவு வழியே வந்தது,
அப்புறம்தான் ஹெட்போனில்.
ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேன்.
ஆட்டத்துக்கு அது லாபம்.

கோட்டை விழுந்ததா என்றால், விழுந்தது.
விடிகாலை ஐந்தரைக்குக் கழிவறை போன குணாளன்
வயரில் தடுக்கினான்.
விளக்குகள் ஆரஞ்சுக்குப் போயின.
மூன்று அறைகளிலிருந்தும்
“யாரது?” என்றோம்.
“நான்தான்,” என்றான்,
இருட்டில் வயரின் நுனியைத் தேடியபடி.