ஏழாம் நம்பர் மலை

சித்திரை மழை மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்து
நாலாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தால்
கானோரமெல்லாம் கீரை.
முதலில் வல்லாரை. பிறகு பொன்னாங்காணி.
தேயிலைத் தூருக்கு அண்டையில் மணத்தக்காளி,
பாறை கசியும் இடத்தில்
சுருள் அவிழாத பன்னத் தளிர்.

கணக்கப்பிள்ளை புத்தகத்தில்
இத்தனைக்கும் ஒரே பெயர்: களை.
என் முதுகில் பதினாறு லீட்டர் மருந்து.
இவை சாகிற விதம் எனக்குத் தெரியும்.
வல்லாரை விளிம்பிலிருந்து சுருங்கும்.
மணத்தக்காளி மட்டும்
காயைக் கறுக்க வைத்துவிட்டுத்தான் சாயும்.

விடியற்காலை லயத்தில் யாரும் என்னை
சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.
"மருதவீரா, இன்னைக்கி எத்தனாம் நம்பர்?"
ஏழு என்றால்
பத்துக் காம்பராவுக்கும் அது போய்ச் சேரும்.
ஏழை விட்டுவிட்டுக் கிள்ளுவார்கள்,
படங்கு மடிப்பில் முடிந்து வருவார்கள்.

அந்தப் புதன்கிழமையும் ஏழு என்றுதான் சொன்னேன்.
பத்து மணிக்குத் துரையின் மோட்டார் சைக்கிள்.
ஏழில் காற்று, ஐந்துக்குப் போ.
போனேன், அடித்தேன்.
மாட்டேன் என்றால் அரைப் பேர்.
நாலரைக்குப் பீலியில் கை கழுவும்போதுதான்
ஐந்தின் கான் நினைவுக்கு வந்தது.

முதல் காம்பராவில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.
"ஐந்து" என்றேன்.
வேறெதுவும் சொல்ல மூச்சு இல்லை.
கொட்டினார்கள்.
அடுத்த கதவு. ஐந்து. அடுத்த கதவு.
ஏச்சு வாங்கினேன். ஒரு வீட்டில்
ஏச்சுக்கூட இல்லை,
வெறும் சோற்றைப் பார்த்தபடி நின்றார்கள்.

கடைசிக் காம்பராவில் தங்கேஸ்வரி
சுளகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
வாயைத் திறக்குமுன்,
"தெரியும்" என்றாள், நிமிராமல்.
"மழையே இல்ல, எல நனஞ்சிருந்திச்சி.
இவளுங்ககிட்ட சொன்னேன். பனின்னாளுங்க.
இது கோயில் கான்ல புடுங்கினது.
தேங்காப்பூ கொஞ்சம் கெடக்கு. ஒக்காரு."
உட்காரவில்லை.
மூன்று தரம் சவுக்காரம் போட்டும் கை நாறியது.

இப்போதெல்லாம் ஐந்தாம் நம்பரில்
பாறை கசிகிற இடம் வந்தால்
நாலு எட்டுக்கு விசையை விட்டுவிடுகிறேன்.
சாயங்காலம் டாங்கியில்
ஒரு கோப்பை மிஞ்சுகிறது.
ஏன் என்கிறார் கணக்கப்பிள்ளை.
நொசில் அடைக்குதுங்க ஐயா.
புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

போன கிழமை புது நொசில் வந்தது.
அதுவும் அடைக்கிறது.