ஏழாம் கட்டம்

மெர்தரில் மழைக்கு விடுமுறை கிடையாது.
பேருந்துக் காசை மிச்சம் பிடித்து
நடந்தே வந்தேன்,
மாலி என் மேல்சட்டைக்குள்.

அவளுக்கு ஏழு மாதம்.
எனக்குப் பதினெட்டு முடிய இன்னும் நாலு.

"அம்மா எங்கே?" என்றார் கண்ணாடிக்குப் பின்னிருந்தவர்.
என் அம்மாவையா, இவள் அம்மாவையா
என்று விளங்காமல்
"வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன்.
இரண்டுக்கும் சரி.

படிவத்தில் ஏழாம் கட்டம்:
வீட்டில் வெந்நீர் உண்டா?
மீட்டரில் காசு தீரும்வரை உண்டு
என்றெழுத இடமில்லை.
'ஆம்' மேல் ஒரு குறி போட்டேன்.
யோசித்து, 'இல்லை' மேலும்.

கிளெனிஸ் என்று பெயர்ப்பட்டை.
பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை.
உள்ளே போய்த் திரும்பியபோது
பால், பழம் வாங்க ஓர் அட்டை,
மின்சாரத்துக்கு ஒரு சீட்டு,
வாடகைக்கு வேறொரு படிவம், பதினாறு பக்கம்.
தேவாலயக் கூடத்தில் தள்ளுவண்டி தருகிறார்களாம்.
நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம்.

ஓடினேன்.

நீல வண்டி. ஒரு சக்கரம் மட்டும் முனகியது.
இருக்கை மடிப்பில்
யார் வீட்டுக் குழந்தையோ கடித்து மறந்த பிஸ்கட்,
இரண்டே பல் தடம்.
குப்பைத் தொட்டிவரை கொண்டுபோய்
பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

ஏற்றம் ஏறுமுன் தூங்கிவிட்டாள்.
லௌரி ரொட்டி ஆலையிலிருந்து வர
இன்னும் ஒரு மணி நேரம்.
சட்டைக்குள் அவள் இருந்த இடத்தில்
குளிர் புகுந்தது.
பதினாறு பக்கத்தையும் நனையாமல்
அங்கே செருகிக்கொண்டேன்.